கை வைப்பதற்கு முன் 250 தோட்டா

போன மாதம் ஆபீஸ் தம்பி ஒருவன் போன் செய்தான்.

"அண்ணா, புதுசா ஒரு செமி-ஆட்டோ ஷாட்கன் வாங்கியிருக்கேன். என்னென்ன பார்ட் மாத்தணும்னு ஒரு லிஸ்ட் அனுப்புங்களேன்."

"எத்தனை தோட்டா சுட்டிருக்கே?"

"இன்னும் பெட்டியே பிரிக்கலண்ணா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் நானும் அதே இடத்தில்தான் நின்றேன். போனில் அவனுக்குச் சொன்னது அரைகுறையாகப் போய்விட்டது. அதனால் என் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு முழுசாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். நான் இருப்பது டெக்ஸாஸில். சனிக்கிழமை காலைகளில் ஊருக்கு வெளியே உள்ள மைதானத்துக்குப் போய்ப் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுவது என் பொழுதுபோக்கு. (பெயர்தான் களிமண். உண்மையில் சுண்ணாம்புக்கல் பொடியையும் கீலையும் கலந்து வார்த்த, உள்ளங்கை அகலத் தட்டு.) ஷாட்கன் என்றதும் சினிமா ஞாபகம் வரவேண்டாம். நம் ஊர் வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் மடியில் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்குமே, அந்தப் '12 போர்', அதுவும் ஷாட்கன்தான். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாகப் பிரித்தால் ஒரு உருண்டை எவ்வளவு பருமன் இருக்குமோ, அதுதான் அந்தக் குழலின் உள்விட்டம், சுமார் 18.5 மில்லிமீட்டர். தோட்டாவுக்குள் ஒற்றைக் குண்டுக்குப் பதில் நூற்றுக்கணக்கான ஈய ரவைகள். (ஈழத்து வாசகர்கள் ரவை என்றால் முழுத் தோட்டாவையே சொல்வார்கள். நான் இங்கே உள்ளே இருக்கும் மணிகளைச் சொல்கிறேன்.)

இரட்டைக்குழலில் ஓடும் பாகங்கள் குறைவு. திறக்கிறோம், போடுகிறோம், சுடுகிறோம். செமி-ஆட்டோ அப்படி இல்லை. ஒரு தடவை சுட்டதும், வெறும் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை எடுத்து உள்ளே தள்ளி, மறுபடி பூட்டிக்கொள்ளும் வேலையை அதுவே செய்யவேண்டும். அதற்கான சக்தி சுட்ட தோட்டாவிலிருந்தே வந்தாகவேண்டும், பேட்டரியா இருக்கிறது? அந்தச் சக்தியை எப்படித் திருடுவது என்பதில்தான் எல்லா வித்தியாசமும்.

ஜான் பிரவுனிங் 1900ல் காப்புரிமை வாங்கிய துப்பாக்கி, பின்னால் ஆட்டோ-5 என்று பேர்பெற்றது, குழலையே பின்னால் ஓடவிட்டது. குழலும் போல்ட்டும் பூட்டியபடியே சேர்ந்து பின்னால் போய், குழல் மட்டும் முன்னால் திரும்பும். அதில் உராய்வு வளையங்கள் உண்டு. லேசான தோட்டாவுக்கு ஒரு மாதிரி, கனமான தோட்டாவுக்கு ஒரு மாதிரி அடுக்கவேண்டும். 1963ல் வந்த ரெமிங்டன் 1100 போன்றவை வாயுவில் ஓடுபவை. குழலில் சின்னத் துளை, அதன் வழியே கொஞ்சம் வாயு கசிந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும். அந்த 1100ல் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அது கிழிந்தால் அவ்வளவு பெரிய துப்பாக்கியும் படுத்துவிடும்.

மூன்றாவது வகை, பெனெல்லி பிரபலமாக்கிய இனெர்ஷியா முறை. இதைப் புரிந்துகொள்ள ஒரு டவுன் பஸ் போதும். பஸ் வெடுக்கென்று கிளம்பினால், பிடிக்காமல் நிற்கிறவர் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்ப்பார், பஸ்தான் அவரை விட்டு நகரும். இங்கே பஸ் என்பது துப்பாக்கி, அது பின்னால் உதைக்கிறது. போல்ட்டின் கனமான உடல்தான் அந்தப் பயணி. அது நின்ற இடத்திலேயே நிற்க, நடுவில் இருக்கும் குட்டையான ஸ்பிரிங் நசுங்குகிறது. நசுங்கிய ஸ்பிரிங் விரியும்போது போல்ட்டைப் பின்னால் எறிகிறது. அழகான யோசனை. வாயு இல்லை, பிஸ்டன் இல்லை, கரியும் அவ்வளவாக இல்லை.

ஆனால் பஸ்ஸில் எக்கச்சக்கமாக ஆள் ஏற்றிவிட்டால்? மெதுவாகத்தான் கிளம்பும். நிற்கிறவர் ஆடவே மாட்டார்.

இதைத்தான் என் முதல் துப்பாக்கிக்கு நான் செய்தேன். அது இனெர்ஷியா வகை, கம்பெனிப் பெயர் வேண்டாம், தப்பு கம்பெனியுடையது அல்ல. வாங்கின வாரமே மேகசின் குழலை நீட்டினேன். பக்கவாட்டில் ஆறு தோட்டா செருகும் தட்டு மாட்டினேன். முன்னால் டார்ச், பின்னால் கனமான வேறு தோள்கட்டை. வீடியோக்களில் எல்லோரும் செய்திருந்தார்கள். பார்க்க மிரட்டலாகத்தான் இருந்தது.

மைதானத்தில் பத்துக்கு இரண்டு மூன்று தடவை நின்றது. வெறும் கூடு வாயிலேயே சிக்கிக்கொண்டது, அல்லது போல்ட் பாதி வழியில் திரும்பிவிட்டது. ஸ்பிரிங்கை மாற்றினேன், தேறவில்லை. தோட்டாவைத் தள்ளும் ஃபாலோயரை மாற்றினேன், கொஞ்சம் தேறியது போல இருந்தது. மறுவாரம் பழையபடி. இப்போது எது காரணம்? நீட்டின குழலா, புது ஸ்பிரிங்கா, ஃபாலோயரா, எடையா, தோட்டாவா? ஐந்தாறு விஷயங்களை ஒரே நேரத்தில் மாற்றியவனுக்கு விடை சொல்ல வழியே இல்லை. முதலில் அது எப்படி ஓடியது என்றாவது தெரியவேண்டுமே. அது எனக்குத் தெரியாது, ஒரு தோட்டாகூட அப்படியே சுட்டுப் பார்க்கவில்லையே.

அது மட்டும் என்றால் பணத்தோடு போயிருக்கும். ஒரு சனிக்கிழமை ஐந்து பேர் வரிசையாக நின்று சுட்டுக்கொண்டிருந்தோம். என் முறை வந்ததும் நின்றுவிட்டது. பின்னால் எல்லோரும் காத்திருக்கிறார்கள், எனக்கு வெட்கம். உள்ளே என்ன சிக்கியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பார்ப்பதற்காகத் துப்பாக்கியைச் சாய்த்துப் பக்கவாட்டில் திரும்பினேன். மைதான மேற்பார்வையாளர், வயதானவர், நான் அதுவரை கேட்டிராத குரலில் கத்தினார். அப்போதுதான் பார்த்தேன். குழல் முனை பக்கத்து நிலையில் நின்ற பையனை நோக்கி இருந்தது. அப்பாவோடு வந்தவன், பன்னிரண்டு வயது இருக்கலாம். துப்பாக்கியை மைதானப் பக்கம் திருப்பி, கீழே வைத்தோம். அவர் வந்து போல்ட்டை இழுத்தபோது சுடாத தோட்டா ஒன்று பாதி நுழைந்த நிலையில் வெளியே விழுந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், சரியாகத்தான் செய்தார்கள். துப்பாக்கி அடிக்கடி நின்றால் வெறும் எரிச்சல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது மனுஷனின் கவனத்தைக் கைக்குள் இழுத்துக்கொள்கிறது, அந்த நேரத்தில் முனை எங்கே போகிறது என்பது மறந்துவிடுகிறது. இப்போதெல்லாம் நின்றால் முதல் வேலை, விரலை விசையிலிருந்து எடுப்பது. முனை மைதானத்தைப் பார்த்தபடியே இருக்கும், என் தலைதான் குனிந்து போகும்.

பிறகு அதைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் செய்தது ஒன்றே ஒன்று, நான் மாட்டினதையெல்லாம் கழற்றிவிட்டுப் பெட்டியில் வந்த பாகங்களைத் திரும்பப் போட்டார். கனமான தோட்டா நாலு பெட்டி சுட்டுவிட்டு வரச் சொன்னார். முதல் பெட்டியில் இரண்டு தடவை நின்றது. நாலாவது பெட்டியில் ஒரு தடவைகூட இல்லை. அதன்பின் லேசான தோட்டாவும் ஓடியது. ஆக, காரணம் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. புது இயந்திரத்தின் இறுக்கம் ஒன்று, நான் ஏற்றிய எடை இன்னொன்று. இறுக்கம் தானாகப் போயிருக்கும். நான் அதற்கு மருந்தாக மேலும் மேலும் பாகங்களை மாட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது துப்பாக்கி வாங்கியபோது (இது வாயு வகை) ஒரு சபதம்: 250 தோட்டா, அதாவது 25 வீதம் பத்துப் பெட்டி, முடியும்வரை ஒரு திருகாணியும் மாற்றுவதில்லை. கூடவே ஒரு நோட்டு.

முதல் நாள் மாலை சமையலறை மேஜையில் பழைய தினசரி விரித்துக் கழற்றினேன். புதுத் துப்பாக்கியில் பூசி வருவது துருப்பிடிக்காமல் இருப்பதற்கான எண்ணெய். கப்பலிலும் கிடங்கிலும் கிடப்பதற்கு நல்லது, ஓடுவதற்கு அவ்வளவு நல்லதல்ல. சிலதில் தேன் பதத்தில் இருக்கும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, உராயும் இடங்களில் மட்டும் மெல்லிய எண்ணெய். பிஸ்டனுக்கு எண்ணெய் போடலாமா கூடாதா என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும், கையேட்டைப் பாருங்கள். குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், சுத்தம் செய்யும் துணி எதுவும் உள்ளே தங்கக்கூடாது. போலித் தோட்டா போட்டு ஏற்றி இறக்கிப் பழகினேன்.

அப்போதே ஒரு 'கோளாறு'. மேகசினில் இரண்டுக்கு மேல் ஏறவில்லை. அரை மணி நேரம் திண்டாடியபின் ஞாபகம் வந்தது, அமெரிக்காவில் வலசைப் பறவைகளை வேட்டையாடும்போது மொத்தம் மூன்று தோட்டாதான் இருக்கலாம் என்பது மத்திய அரசின் விதி. அதற்காகக் குழலுக்குள் ஒரு குச்சியைப் போட்டே விற்கிறார்கள். ஸ்பிரிங் சரியில்லை என்று நினைத்துப் புதுசு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். சத்தியமாக நான் மட்டும் இல்லை.

முதல் சனிக்கிழமை கனமான தோட்டா, நாலு பெட்டி. பல கையேடுகளும் இப்படித்தான் சொல்கின்றன. உரசும் பரப்புகளில் இருக்கும் இயந்திரக் கீறல்கள் ஒன்றையொன்று தேய்த்துச் சமமாகவேண்டும், புது ஸ்பிரிங்குகள் கொஞ்சம் படியவேண்டும். அதற்கு வேகமான உதைப்பு உதவும். முதலில் ஒற்றைத் தோட்டா மட்டும் போட்டுச் சுட்டேன். மேகசின் காலியாக இருக்கும்போது சுட்டதும் போல்ட் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். நிற்காமல் மூடிக்கொண்டால் அது முழு தூரம் போகவில்லை என்று அர்த்தம். செலவில்லாத நல்ல சோதனை, பலர் செய்வதில்லை. பிறகு இரண்டு, பிறகு நிரப்பி. நூறில் ஒரே ஒரு தடவை நின்றது, பதினேழாவதில், வெறும் கூடு புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நின்றது. நோட்டில் எழுதினேன். நடுநடுவே முன்கட்டையின் மூடி தளர்ந்திருக்கிறதா, குழல் முனையில் திருகும் சோக் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன், துப்பாக்கியைக் காலி செய்துவிட்டுத்தான்.

இரண்டாவது சனிக்கிழமை லேசான தோட்டா, 28 கிராம் ரவை, மூன்று பெட்டி. நாலு தடவை நின்றது. பழைய நானாக இருந்தால் அன்று இரவே ஸ்பிரிங் ஆர்டர் போட்டிருப்பேன். நோட்டைப் பார்த்தால் நாலும் ஒரே பெட்டி. மற்ற இரண்டு பெட்டிகளும் வேறு கம்பெனித் தோட்டா, அவற்றில் ஒன்றும் இல்லை. சிக்கிய கூடுகளின் அடியில் காந்தத்தை வைத்தேன், ஒட்டியது. பித்தளை நிறம் பூசிய இரும்பு. பித்தளை சுட்டதும் விரிந்து உடனே சுருங்கிவிடும். இரும்பு அவ்வளவு சுருங்குவதில்லை, உள்சுவரைக் கவ்விக்கொள்ளும். எல்லாத் துப்பாக்கிக்கும் இது பிரச்சினை அல்ல, என்னுடையதற்குப் பிரச்சினை. தீர்வு, அந்தப் பெட்டியை வாங்காமல் இருப்பது.

தோட்டா பற்றி இன்னொன்று, இதில் விளையாட்டு வேண்டாம். சுடும்போது வழக்கமான சத்தம் வராமல் 'புஸ்' என்று வந்தால் உடனே நிறுத்துங்கள். தோட்டாவின் உள்ளடைப்பு குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். விசை அழுத்தியும் சுடவில்லை என்றால் முனையை மைதானப் பக்கமே வைத்து ஒரு நிமிஷம் காத்திருங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு. 20 கேஜ் தோட்டாவை 12 கேஜ் பையோடு கலக்கவே கலக்காதீர்கள். சின்னத் தோட்டா பெரிய குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் உட்கார்ந்துகொள்ளும், அதன் பின்னால் 12ம் ஏறிவிடும். 20 கேஜ் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருவது அதற்காகத்தான்.

மூன்றாவது சனிக்கிழமை நல்ல தோட்டா மூன்று பெட்டி. 75க்கு 75.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 75ல் ஒன்றும் நிற்கவில்லை என்றால் இனி நிற்கவே நிற்காது என்று சொல்லலாமா? புள்ளியியலில் 'மூன்றின் விதி' என்று ஒன்று உண்டு. ஒரு சோதனையைத் தொடர்ந்து பல தடவை செய்து ஒரு தோல்விகூட இல்லையென்றால், உண்மையான தோல்வி விகிதம் 3ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்து வருவதைவிடக் குறைவு என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 75க்கு அது 4 சதவீதம். அதாவது நூறில் மூன்று தடவை நிற்கக்கூடிய துப்பாக்கியும் 75ஐ அலுங்காமல் தாண்டிவிட வாய்ப்பு இருக்கிறது. 300 என்றால்தான் 1 சதவீதத்துக்கு வரும். "அஞ்சு தோட்டா சுட்டேன், சூப்பரா ஓடுது" என்று எழுதுகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்துக்கு இந்த விதி தருவது 60 சதவீதம்! களிமண் தட்டுக்கு எனக்கு 4 போதும். வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்திருப்பவர் இன்னும் நிறையச் சுடவேண்டும், அதுவும் நிஜமாக உள்ளே போடப்போகும் அதே தோட்டாவை. அது விலை அதிகம் என்பதால் பலர் அதைத்தான் சோதிப்பதே இல்லை.

இந்தக் கணக்கில் ஒரு கசப்பும் இருக்கிறது. ஒரு பாகத்தை மாற்றினால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சுட்ட 250ம் பழைய துப்பாக்கியின் சாட்சி, புதிய பாகத்தோடு இருப்பது வேறு துப்பாக்கி.

ஓடுகிறதா என்பது பாதிதான். பார்க்கிற இடத்தில் படுகிறதா? 40 கஜத்தில் பெரிய தாளைக் கட்டி, ஒரு தடவை சுட்டு, அடர்த்தியான இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் போட்டு, உள்ளே விழுந்த துளைகளை எண்ணவேண்டும். 28 கிராம் 8ஆம் நம்பர் தோட்டாவில் சுமார் 410 ரவை. 'மாடிஃபைட்' என்ற சோக்குக்கு 60 சதவீதம், 'ஃபுல்' என்றால் 70 என்பது வழக்கமான அளவுகோல். ராத்திரி ஸ்கெட்ச் பேனாவோடு உட்கார்ந்து துளைக்குத் துளை வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். "கோலத்துக்குப் புள்ளி வெக்கிறீங்களா?" என்றாள் மனைவி. 231 வந்தது, சுமார் 56. பரவாயில்லை. கூடுதல் விலைக்கு ஒரு சோக் வாங்க நினைத்திருந்தேன், அது பட்டியலிலிருந்து போனது.

பிறகு 16 கஜத்தில், நிதானமாகக் குறிபார்த்து ஐந்து தடவை. எல்லாம் சுமார் 2 அங்குலம் இடது பக்கம். ஷாட்கனில் பின் குறி கிடையாது, நம் கண்தான் பின் குறி. கண்ணிலிருந்து குழல் முனை ஏறக்குறைய 1 கஜம். 16 கஜத்தில் 1 அங்குலம் விலகினால் கண் 1/16 அங்குலம் விலகி இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு 1/8 அங்குலம். குழல் வளையவில்லை, என் கன்னம் கட்டைமேல் முழுசாக வரவில்லை. தோள்கட்டைக்கும் உடலுக்கும் நடுவில் வைக்கும் மெல்லிய தகடுகள் பெட்டியிலேயே இருந்தன, மூன்று மாதமாகப் பிளாஸ்டிக் பைக்குள். ஒன்றை மாற்றிப் போட்டதும் நடுவுக்கு வந்தது. இதற்காக உயர்ந்த புதுக் குறி ஒன்று வாங்கித் துளைபோட்டு மாட்டுவதாக இருந்தேன்.

கட்டையை அறுத்துச் சின்னதாக்கும் யோசனையும் இருந்தது. நான் குள்ளம், அமெரிக்கக் கட்டை நீளம். ஆனால் அறுத்த மரம் திரும்ப வளராது. வெயிலில் டீ-சட்டையோடு நீளம் சரியாகத்தான் இருந்தது, ஜனவரியில் தடித்த ஜாக்கெட் போட்டபோதுதான் தடுக்கியது. ரம்பத்துக்குப் பதில் மெல்லிய ரப்பர் பேட் போதும் என்று தெரிந்தது.

ஆரம்பத்தில் போட்ட பட்டியலில் ஏழு மாற்றங்கள். கடைசியில் செய்தது இரண்டு. அந்த ரப்பர் பேட் ஒன்று, கையுறையோடு பிடிக்கக் கொஞ்சம் பெரிய போல்ட் பிடி இன்னொன்று. ஒன்றை மாட்டி இரண்டு பெட்டி, பிறகு அடுத்ததை மாட்டி இரண்டு பெட்டி. மேகசினை நீட்டுவதை விட்டுவிட்டேன். தட்டு சுடுவதற்கு இரண்டு தோட்டாவே போதும். தவிர இது வெளிநாட்டில் செய்து இறக்குமதியான துப்பாக்கி. அப்படிப்பட்டதை மாற்றிக் கட்டும்போது குறிப்பிட்ட பாகங்களில் பத்துக்கு மேல் வெளிநாட்டுப் பாகம் இருக்கக்கூடாது என்று 922(ஆர்) என்ற சட்டப்பிரிவு இருக்கிறது. நீங்கள் அமெரிக்காவில் இருந்தால் ஆர்டர் போடும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

இதையெல்லாம் தம்பிக்குச் சொல்லி, ஒரு நோட்டு வாங்கவும் சொன்னேன். நேற்று மறுபடி போன் வந்தது.

"அண்ணா, 175 முடிஞ்சுது. மூணு தடவை நின்னுச்சு."

"எந்தத் தோட்டாவுல?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "ரெண்டு மூணு கம்பெனி கலந்து பையில போட்டிருந்தேண்ணா. எதுன்னு எழுதல."

"சரி, ஒண்ணுல இருந்து ஆரம்பி."